நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தாறு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இன்னும் விடவில்லை, மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். நீ, அத்தான், வாயாடி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "எனக்கென்ன" என்பாய். அத்தானும் பெண்ணும் காதை நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை அறையில் வேறு என்ன சொல்வாய்? அதனால்தான் கடிதம். பதிலையும் கடிதமாகவே போடு.

உன் வலது தோள் மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், ஆனால் வரிசை நீளமாம். அத்தான் சொன்னார். அந்த வரிசை எப்படி நகர்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் பதிவகத்தில் பதினான்கு பேர் காலை எட்டரையிலிருந்து அதைத்தான் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறோம். எந்த ஆஸ்பத்திரியில் மூட்டு மாற்றினாலும் நோயாளியிடம் கேட்டு நிரப்பிய தாள் இங்கே வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பன்னிரண்டு கேள்வி, கேள்விக்கு நாலு மார்க். நாற்பத்தெட்டு வாங்கினால் தோளில் ஒரு குறையும் இல்லை. பூஜ்யம் என்றால் கை இருந்தும் இல்லாத மாதிரி.

பதினைந்துக்குக் கீழே வந்தால் வரிசையில் முன்னால் போகலாம். ஆபரேஷன் முடிந்து ஆறாம் மாதம் அதே பன்னிரண்டையும் வீட்டுக்குத் தபாலில் அனுப்பித் திரும்பக் கேட்பார்கள். அப்போது முப்பதுக்குக் கீழே இருந்தால் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். நாற்பதைத் தாண்டினால் கோப்பை மூடிவிடுவார்கள்.

நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. பதினாறு வருஷ முடக்குவாதத்தை வைத்துக்கொண்டு "பரவாயில்லை" என்று சொல்லாதே என்கிறேன். நீ சொல்லும் ஒவ்வொரு பரவாயில்லையும் உனக்கு முன்னால் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும். உன்னுடைய மிக மோசமான நாளை நினைத்துக்கொண்டு பதில் சொல்.

உன் எண் என்னவென்று எழுது. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே.

உன் தம்பி

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானுக்கு முதுகு பிடித்திருக்கிறது, பள்ளி வேனின் சீட் அப்படி. வாயாடிக்குப் பெயருக்கேற்ற வாய். உன் சளி போயிற்றா? ராத்திரியில் தலைக்குக் குளிக்காதே.

நீ சொன்ன மாதிரியே சொன்னேன். தாளை வைத்திருந்த நர்ஸ் சின்னப் பெண்.

"துணி காயப்போட முடியுமா?" என்றாள்.

"முடியாது."

"கொஞ்சம்கூடவா? லாண்டரியில வேலைன்னு போட்டிருக்கே. அங்க என்ன பண்றீங்க?"

"துணி மாட்டுறேன்."

சிரித்துவிட்டாள். "முடியாததைத்தான்மா தினமும் எட்டு மணி நேரம் பண்றேன்" என்றேன். அப்புறம் அவள் சிரிக்கவில்லை. பதினொன்று போட்டாள். மார்ச் பதினொன்றாம் தேதி ஆபரேஷன். என் எண் 4417.

டாக்டர் இளவயது, தன்மையாகப் பேசுகிறார். "வலி போயிடும்மா, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா கை பழையபடி தலைக்கு மேல போகும்னு மட்டும் என்கிட்ட எழுதி வாங்கிடாதீங்க. உங்க வியாதி எலும்பை மெத்துன்னு ஆக்கி வெச்சிருக்கு. சுத்தியிருக்கிற தசைநாரும் நைஞ்சு போச்சு" என்றார். உருளுகிற பக்கம் உலோகக் குண்டு, அது உட்காருகிற பக்கம் பிளாஸ்டிக் கிண்ணம். அதற்கப்புறம் தோளுக்கு மேலே எதையும் தூக்கக் கூடாதாம்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு வரும். இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்கு மேலே இருக்கும் கிளிப்பில் மாட்ட வேண்டும். மெஷின் உள்ளே இழுத்துத் தேய்த்துத் தள்ளும். எட்டு வினாடிக்கு ஒரு விரிப்பு. எங்கள் சூப்பர்வைசருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்திருக்கிறோம். "தோளை மாத்துறாங்களா? அப்படியே விரலையும் மாத்திக்கிட்டு வாங்க, அதுவும் ஸ்லோதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆறு மாதம் என் இடத்தை வைத்திருப்பார்களாம்.

நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். இங்கே ஆள் இருக்கிறது.

உன் அக்கா

ஏப்ரல் 18

மாமாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கையெழுத்து என்னுடையது, பொறுப்பு அம்மாவுடையது.

அன்புத் தம்பிக்கு, எல்லோரும் சௌக்கியம். உனக்கும் உடம்பு ஒன்றுமில்லையே? தையல் ஆறிவிட்டது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ராத்திரி முழுக்கத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் பயமாகிவிட்டது. வலி எங்கே போயிற்று என்று தோளைத் தொட்டுத் தேடினேன். (அம்மா அழுதாங்க. இதை எழுதக் கூடாதுன்னு சொல்றாங்க.) கை தோள் மட்டத்துக்கு வருகிறது, அதற்கு மேல் வரவில்லை. அது போதும் என்று கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ சொல்கிறார். விரல்கள் இறுகிப் போகாமல் இருக்கத் தினமும் அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். முழங்கையை மேஜையில் ஊன்றினால் எழுத வரும். அடுத்த கடிதம் நானே எழுதுவேன். (அப்ப எனக்கு வேலை போச்சு.) அத்தான் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். (கஞ்சி இல்லை மாமா, பசை. நோட்டுக்கு அட்டை போடலாம்.)

அக்காவும் வாயாடியும்

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். சளி போய்விட்டது, கேட்டாயே. அத்தானுடைய முதுகு எப்படி இருக்கிறது?

போன வாரம் எங்கள் இயக்குநர் மேடம் எல்லோரையும் கூப்பிட்டுத் திரையில் ஒரு படம் காட்டினார். பச்சைக் கோடு மேலே மேலே போகிறது. தோள் மாற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் திருப்தியாம். எல்லோரும் கை தட்டினோம். அந்தப் பத்துப் பேரும் தாள் நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள். அனுப்பாதவர்கள் எங்கே என்று கேட்டேன். "அவங்க நல்லா இருக்கிறதாலதான் அனுப்பலை" என்றார் மேடம். செத்துப் போனவர்களும் நன்றாக இருப்பதால் அனுப்பவில்லை போலிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். எனக்கும் வேலை வேண்டுமே, வாயை மூடிக்கொண்டேன்.

நீ அவசரப்படாதே. தலைக்கு மேலே தூக்குகிற வேலைக்குத் திரும்பிப் போகாதே. உன்னை மாதிரி முடக்குவாதக்காரர்களுக்கு அந்தக் கிண்ணம்தான் முதலில் ஆட்டம் காணும் என்று இங்கே வருகிற தாள்களிலேயே பார்க்கிறேன். மடிக்கிற மேஜையில் போடச் சொல்லிக் கேள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே.

உன் தம்பி

ஜூலை 30

அன்புத் தம்பிக்கு,

என் கையெழுத்துதான், பார்த்துக்கொள். கோழி கிளறின மாதிரி இருக்கிறது, ஆனால் என்னுடையது. நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

லாண்டரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மடிக்கிற மேஜையில் இடம் இல்லையாம், அங்கே மெஷின் வரப்போகிறதாம். ஸ்டாப்வாட்ச் ஒரு விஷயம் சொன்னான். ஆபரேஷனுக்குப் பணம் கட்டிய காப்பீட்டை லாண்டரிக் கம்பெனிதான் எடுத்தது என்பதால், நான் ஆஸ்பத்திரிக்கு நிரப்பி அனுப்புகிற ஆறாம் மாதத் தாளின் நகல் கம்பெனிக்கும் போகுமாம். "நாப்பதுக்கு மேல இருந்தா பழைய இடம். இல்லைன்னா பொருத்தமான வேலை இல்லைன்னு மேல எழுதிடுவாங்க. நான் எழுதலை, ரூல்" என்றான்.

இது உனக்குத் தெரியுமா?

உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். நன்றாக விளக்கமாக எழுதியிருக்கிறாய். வாயாடி அடுத்த வருஷம் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். நன்றாகப் படிக்கிறாள், உன்னை மாதிரி.

உன் அக்கா

செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? நகல் கம்பெனிக்குப் போகும் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரே தாளை வைத்து வைத்தியமும் பார்ப்பார்கள், வேலையை விட்டும் அனுப்புவார்கள் என்று யாருக்குத் தோன்றும்? உன் ஜூலைக் கடிதத்துக்கு உடனே பதில் போட்டிருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

நேற்று 4417 என் மேஜைக்கே வந்தது. பதினான்கு பேரில் எனக்கு. நாற்பத்தாறு.

அக்கா, முடக்குவாதத்தில் தோள் மாற்றியவர் யாரும் நாற்பத்தாறு வாங்கி நான் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வந்தாலே டாக்டர்கள் சந்தோஷப்படுவார்கள். தலை வாருவதற்கு நாலு. துணி காயப்போட நாலு. ராத்திரி வலிக்கு மட்டும் இரண்டு குறைத்திருக்கிறாய், நம்பும்படி இருக்கட்டும் என்றா?

உண்மையாகவே உன்னால் தலை வார முடிகிறதா? ஒரு வரி எழுது.

உன் தம்பி

அக்டோபர் 12

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியம். அத்தானுக்கு முதுகு தேவலை. வாயாடிக்குப் பரீட்சை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் ஊரில் எப்படி?

பழைய இடத்துக்கே போய்விட்டேன். எல்லோரும் கை குலுக்கினார்கள். ஸ்டாப்வாட்ச்கூட டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கென்ன.

மார்க் நன்றாக வந்தால் சந்தோஷப்பட வேண்டும். நீ சின்ன வயதிலும் இப்படித்தான், நான் பாஸ் ஆனால் யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்பாய்.

உன் அக்கா

ஜனவரி 4

மாமாவுக்கு,

நான்தான், வாயாடி. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. ஆபீஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் தோளில் சத்தம் கேட்கிறது. கையை அசைத்தால் பல் நறநறக்கிற மாதிரி. நவம்பரிலிருந்து உட்கார்ந்துகொண்டே தூங்குகிறார்கள். வலி மாத்திரை இரண்டு என்பது நாலாகிவிட்டது. வேலையில் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளிப் மாட்டுகிறார்களாம், கூட வேலை செய்யும் அத்தை ரோட்டில் பார்த்துச் சொன்னார்கள். இப்போது இடது தோளும் வீங்குகிறது.

"டாக்டர்கிட்ட போலாம்மா" என்றேன்.

"போனா என்ன சொல்றது? நாப்பத்தாறு வாங்கினவ எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க" என்றார்கள்.

"உண்மையைச் சொல்லு."

"உண்மைக்கு உன் ஸ்கூல்ல சீட் கொடுப்பாங்களா?"

எனக்கு அந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம் மாமா. அப்பாவிடம் சொன்னால் அம்மாவைப் பார்க்கிறார், அம்மா அப்பாவைப் பார்க்கிறார்கள், அப்புறம் இரண்டு பேரும் டிவியைப் பார்க்கிறார்கள். நீங்கள் அங்கேதானே வேலை செய்கிறீர்கள். ஏதாவது செய்யுங்கள். நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள்.

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதே.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. எங்கள் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. பதில் நம்பும்படி இல்லையென்றால் அதில் டிக் போடலாம். போட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆளைக் கூப்பிட்டுச் சரி பார்ப்பார்கள். உன் தாளுக்கு நான் டிக் போடவில்லை. மணி ஐந்தாகப் போகிறது, அன்றைய இருநூறு தாளில் இன்னும் நாலு பாக்கி. ஆனால் அது காரணமில்லை. அந்த நாற்பத்தாறு உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சேமித்துவிட்டேன். உனக்கு எழுதிய கடிதத்தில் சந்தேகப்பட்டவன், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

நேற்று மேடத்திடம் பொதுவாகக் கேட்பது போல் கேட்டேன். "மூடின கோப்பைத் திறக்கணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். நகல் எங்கெல்லாம் போச்சோ, திருத்தமும் அங்கெல்லாம் போகும்" என்றார். கம்பெனிக்கும் போகும், அக்கா. ஆஸ்பத்திரிக்கு மட்டும் சொல்ல வழியே இல்லையா என்று கேட்டேன். "எதுக்கு இவ்வளவு அக்கறை, சொந்தக்காரங்களா?" என்று சிரித்தார். இல்லை என்றேன். சொந்தக்காரர் தாளைத் தொட்டதே குற்றம்.

நேராக டாக்டரிடம் போய்விடு, நானும் வருகிறேன். அதற்கும் கம்பெனியின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று தெரியும், அது ஸ்டாப்வாட்ச் கையில் என்றும் தெரியும். ஆகவே கேட்கிறேன். நான் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா? போட்டால் வேலை போகும். போடாவிட்டால் கை போகும். நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன் தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரரைப் பார்த்தபடி இருக்கிறேன். போன் செய்தால் வாயாடி எடுத்து "அம்மா தூங்குறாங்க" என்கிறாள். காலை பத்து மணிக்கும் தூங்குகிறாய், சாயங்காலம் ஆறு மணிக்கும் தூங்குகிறாய்.

இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். 4417 என் அக்கா என்றும் எழுதிக் கொடுத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உன்னால நம்ம பச்சைக் கோடு ஒண்ணும் கீழ வராதுப்பா, ஒரு ஆளுதானே" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். என்னைத் தாள் அடுக்குகிற அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த மாதத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். போ. என்மேல் உள்ள கோபத்தில் போகாமல் இருந்துவிடாதே.

உன் தம்பி

மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

அத்தான் சௌக்கியம். வாயாடி பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? தாள் அடுக்குகிற அறையில் தூசி இருக்கும், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்.

நீ கேட்டதற்கு இரண்டு பதில் எழுதினேன். ஒன்றில் வேண்டாம் என்றிருந்தது. இன்னொன்றில் போட்டுவிடு என்றிருந்தது. இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டி வரைக்கும் போனேன். எதையும் போட முடியாமல் திரும்பி வந்து இரண்டையும் கிழித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிண்ணம் கழண்டு ஆடிக்கிட்டிருக்கும்மா. ஆடி ஆடிச் சுத்தியிருக்கிற எலும்பை அரைச்சிடுச்சு."

"வேற கிண்ணம் வைங்க சார்."

"எதுல வைக்கிறது? ஊறின பிஸ்கட்ல ஆணி அடிக்க முடியுமா? ஆறாம் மாசமே வந்திருந்தா, வேலைக்குப் போகாம இருந்திருந்தா, ஏதாவது பண்ணியிருக்கலாம். ஏம்மா தாள்ல அப்படிச் சொன்னீங்க?"

"அதுல நாப்பது வாங்கினாத்தான் சார் வேலை."

அது அவருக்குத் தெரியாதாம். முதல் தடவை கேள்விப்படுகிறாராம். நவம்பரில் ஏதோ மாநாட்டில் என் எண்ணைச் சொல்லி என் தோளின் படத்தைக் காட்டினாராம். முடக்குவாதத்திலும் இவ்வளவு நன்றாக வரும் என்பதற்கு உதாரணமாம். "எல்லாரும் கை தட்டினாங்களா சார்?" என்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவரும் தாளைத்தான் நம்பியிருக்கிறார்.

குண்டையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் சும்மா தைத்துவிடலாமாம். வலி குறையலாம். கை தொங்கும். இல்லையென்றால் இப்படியே விடலாம். எது நல்லது என்று கேட்டதற்கு, "நீங்கதான்மா சொல்லணும்" என்றார். இத்தனை நாள் என்னைக் கேட்காமலே எல்லாம் நடந்தது, இதை மட்டும் நான் சொல்ல வேண்டுமாம்.

கம்பெனிக் கடிதம் இரண்டே வரி. உடல் தகுதி பற்றித் தவறான தகவல் கொடுத்ததாகப் போட்டிருந்தது. லாக்கரில் இருந்த என் செருப்பையும் டம்ளரையும் ஸ்டாப்வாட்ச் வீட்டுக்கே கொண்டுவந்தான். வாசலில் நின்றுகொண்டு, "நான் என்னக்கா பண்ண முடியும்?" என்றான். என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் இடத்தில் இப்போது பத்தொன்பது வயதுப் பெண் நிற்கிறாளாம். நன்றாக வேகமாம்.

இடது தோளுக்கும் அதே பன்னிரண்டு கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். குறைவாகப் போட்டால் அறுப்பார்கள். கூடுதலாகப் போட்டால் விட்டுவிடுவார்கள். மேஜையில் இருக்கிறது. இந்தத் தடவை நீ எதுவும் சொல்லித் தராதே, தம்பி. உண்மையைச் சொல்லலாம் என்று உட்காருகிறேன், எது உண்மை என்பதே குழம்பிவிடுகிறது. ஒவ்வொரு கேள்வியையும் படிக்கும்போது, இதற்கு எத்தனை போட்டால் என்ன பிடுங்குவார்கள் என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது.

வர வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினேன். இப்போது வா. அத்தான் வேனோடு போய்விடுகிறார், அவள் பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். பகல் முழுக்க நான் மட்டும்தான். எந்தத் தேதி என்று எழுத வேண்டாம், வந்து கதவைத் தட்டு. தாழ்ப்பாள் மேலே இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏற வேண்டும், திறக்க நேரமாகும். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே.

உன் அக்கா